ரெண்டு காக்கி, பாகம் இரண்டு

ஜனவரி 20

இன்று "ரெண்டு காக்கி" இரண்டாம் பாகத்துக்குப் பூஜை. முதல் பாகம் வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. இவ்வளவு காலம் கழித்து எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. என் மனைவி பூங்கோதை மட்டும் கேட்டாள். ரசிகர்கள் கேட்கிறார்கள் என்றேன்.

"எந்த ரசிகர்? பேரு சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

ஒரு பதிப்பகத்தார் என் சுயசரிதையைக் கேட்டிருக்கிறார். அதற்கு உதவும் என்று இந்தப் படம் முடியும்வரை குறிப்பு எழுதப்போகிறேன். பிற்காலத்தில் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: என் பெயர் அருள்வேந்தன். நடிகன். முதல் பாகத்தில் இன்ஸ்பெக்டர் ராஜவேலுவாக வந்தது நான்தான். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் ஏட்டு அந்தோணியாக நடித்தவன் சவரிமுத்து, நகைச்சுவை நடிகன். படத்தை ஓட வைத்தது யார் என்பதில் அன்றைய பத்திரிகைகளுக்குக் குழப்பம் இருந்தது. எனக்கு இருந்ததில்லை.

அந்த வருடம் சவரிக்கு ஒரு விருது கொடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. விருதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பூஜைக்கு அவன் மகள் ஜெனியுடன் வந்தான். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "ஏல வேந்தா! எப்டில இருக்க? சாப்ட்டியா?" தூத்துக்குடிப் பேச்சு அப்படியே இருக்கிறது. தேங்காய் உடைத்து முடித்ததும் மறுபடி ஓடிவந்து கட்டிக்கொண்டு, "ஏல வேந்தா! சாப்ட்டியா?" என்றான். அப்போது டி.வி.க்காரர்கள் வந்திருந்தார்கள். கேமரா எங்கே இருக்கிறது என்பது சவரிக்கு எப்போதும் தெரியும்.

இயக்குநர் பெயர் ரிஷ்வந்த். முதல் பாகத்தை அவருடைய அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். "சார், நீங்க என்னோட சைல்ட்ஹுட்" என்றார். நன்றி சொல்வதா, வருத்தம் தெரிவிப்பதா என்று விளங்கவில்லை.

பிப்ரவரி 3

முதல் நாள் படப்பிடிப்பு. நான் ஹெலிகாப்டரிலிருந்து குதித்து, ஓடும் லாரியில் விழுந்து, உருண்டு எழுந்து, தோளில் இருக்கும் தூசியைத் தட்டிவிட வேண்டும். குதிப்பது, விழுவது, உருள்வது ஆகியவற்றை டூப் செய்தார். தூசி தட்டும் காட்சியை நான் டூப் இல்லாமலே செய்தேன். ஒரே டேக்கில் ஓகே. யூனிட் கைதட்டியது.

வீட்டுக்கு வந்ததும் பூங்கோதை முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். "தோளைத் தட்டுனதுக்கு முட்டி ஏங்க வலிக்குது?" என்று கேட்டாள். மருத்துவ ரீதியாக ஏதாவது காரணம் இருக்கும்.

பிப்ரவரி 6

கதையை முழுதாகச் சொன்னார்கள். நகரத்தில் உள்ள எல்லாச் செல்போன்களையும் ஒரே நேரத்தில் வெடிக்கவைக்க ஒரு வில்லன் திட்டமிடுகிறான். ஏன் என்று கேட்டேன். "அது இன்டர்வெல்ல தெரியும் சார்" என்றார் ரிஷ்வந்த். இடைவேளையில் என்ன தெரியும் என்று கேட்டேன். "செகண்ட் ஹாஃப்ல தெரியும்னு தெரியும் சார்" என்றார்.

வில்லன் மும்பையிலிருந்து வந்திருக்கிறார். அவர் புஜத்துக்கே தனியாக ஒரு கேரவன் வைக்கலாம். தமிழ் தெரியாததால் வசனத்துக்குப் பதில் இந்தியில் ஒன்று, இரண்டு எண்ணுகிறார். கோபம் வந்தால் ஐம்பதுக்கு மேல் போகிறார்.

என் மகளாக வரும் பெண் லேப்டாப்பில் நாலு தட்டு தட்டினால் குற்றவாளி எங்கே இருக்கிறான், என்ன சாப்பிடுகிறான் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. அப்படியானால் நானும் ஏட்டும் எதற்கு?

"நாஸ்டால்ஜியா சார்" என்றார் ரிஷ்வந்த்.

பிப்ரவரி 9

சவரி இன்று தயாரிப்பாளரின் நேரத்தைத் தாராளமாக வீணடித்தான். கமிஷனர் அறையில் அவனுக்கு ஒரே ஒரு வசனம்: "சார், நாங்க ரிட்டயர் ஆயிட்டோம், எங்க லத்தி இன்னும் ஆகல." விசில் பறக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். சவரி "சார், நாங்க ரிட்டயர்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் சிரித்தான். ஒரு டேக்கில் கமிஷனராக நடித்தவரிடம் போய், "நீங்க சாப்ட்டியளா?" என்று கேட்டான். செட்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் நாலு பக்க வசனத்தை முகம் கழுவும் நேரத்தில் மனப்பாடம் செய்தவன் இவன். இப்போது அலட்சியம். வயதானால் சிலருக்குத் தொழில் பக்தி போய்விடுகிறது.

அவனுடைய குளோசப்புக்கு எதிரே நின்று என் வசனத்தைச் சொல்லச் சொன்னார்கள். கதாநாயகன் மற்றவர் குளோசப்புக்கு நிற்பதில்லை என்று சொல்லிவிட்டுக் கேரவனுக்குப் போய்விட்டேன். உதவி இயக்குநர் ஒருவர் படித்தாராம்.

பிப்ரவரி 10

இன்று எனக்கு விடுமுறை. என் டூப்புக்கு வேலை இருந்தது.

பிப்ரவரி 18

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு பங்களாவில் படப்பிடிப்பு. மதிய இடைவேளையில் ஜெனி கேரவன் கதவைத் தட்டினாள். "அங்கிள், அப்பாவக் காணல."

சாலைக்கு வந்தால் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் ஏட்டு உடையில் சவரி. ஒரு கையை நீட்டி பாண்டிச்சேரி பஸ்ஸை நிறுத்திவைத்து, மறு கையால் ஒரு பள்ளிக்கூட வேனை அனுப்பிக்கொண்டிருந்தான். மாநகரத்தின் நிஜப் போலீசுக்குக் கிடைக்காத மரியாதை அவனுக்குக் கிடைத்தது. பைக்கில் வந்த ஒருவர் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்கிலிருந்து எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார்.

"சவரி, வாப்பா போகலாம்" என்றேன். அவன் திரும்பவில்லை. கையைப் பிடித்தேன். உதறினான்.

"யாருய்யா நீரு? டூட்டில இருக்கவன் கையப் புடிக்கீரு?"

நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பிறகு, என் மேல் இன்ஸ்பெக்டர் உடை இருந்தது நினைவுக்கு வந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரண்டடி பின்னால் போய் நின்று, ராஜவேலுவின் குரலில், "ஏட்டு!" என்றேன்.

சட்டென்று திரும்பி, குதிகால் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தான். "சார்!"

"டிராஃபிக் எப்படி இருக்கு?"

"கன்ட்ரோல்ல இருக்கு சார். பஸ்காரன்தான் துள்ளுதான்."

"நான் பாத்துக்கறேன். நீங்க ஸ்டேஷனுக்கு நடங்க."

"தனியாவா சார்?"

"சேர்ந்தே போவோம்."

பாண்டிச்சேரி பஸ்ஸை நான் அனுப்பிவைத்தேன். பயணிகள் எல்லாரும் ஜன்னல் வழியாகச் செல்போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். இருவரும் கால் சேர்த்து நடந்து பங்களாவுக்குள் வந்தோம். வாசலில் ரிஷ்வந்த் ஓடிவந்தார். என்ன நடந்தது என்று கேட்டார்.

"விளம்பரம். என் யோசனைதான்" என்றேன்.

பிப்ரவரி 19

வீடியோ பரவிவிட்டது. "தாத்தா காக்கி வேற லெவல்" என்று எழுதுகிறார்கள். தாத்தா என்றது சவரியை. தயாரிப்பாளர் எனக்குப் பழக்கூடை அனுப்பி, இதேபோல் கோயம்புத்தூரிலும் திருச்சியிலும் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியாது என்று சொன்னேன். ஒரே நகைச்சுவையைத் திரும்பச் செய்வது என் கொள்கைக்கு விரோதம். இரண்டாம் பாகத்தில் நடித்துக்கொண்டே இதைச் சொன்னதால் அவருக்குப் புரியவில்லை.

மாலையில் ஜெனி வீட்டுக்கு வந்தாள். பூங்கோதை காபி போட்டாள். ஜெனி கொஞ்ச நேரம் பேசினாள். டாக்டர் என்ன சொன்னார், எப்போதிலிருந்து, இனி எப்படி என்பதெல்லாம். அது அவர்கள் குடும்ப விஷயம். என் சுயசரிதைக்குத் தேவையில்லை.

கிளம்பும்போது, "இந்தப் படத்துல நடிக்க வேண்டாம்னு சொன்னேன் அங்கிள். 'வேந்தன்கூட ஒருக்கா நடிச்சிருதேன், பொறவு எது மறந்தாலும் மறக்கட்டும்'னுட்டாங்க அப்பா. வெளிய தெரிஞ்சா படத்தவிட்டுத் தூக்கிருவாங்க" என்றாள்.

அவள் போனபின் பூங்கோதை தம்ளர்களை எடுக்க வந்தாள். காபி ஆறிப்போயிருந்தது. வேறு போட்டுத் தரச் சொன்னேன்.

பிப்ரவரி 24

ரிஷ்வந்தைக் கேரவனுக்கு அழைத்துப் பேசினேன். இந்தப் படத்தில் வசனம் அதிகம், எனக்கு மனதில் நிற்கவில்லை, எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக வெட்டுங்கள் என்றேன். அவர் தயங்கினார். "சவரி சார்தான் சார் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"அவன் சரியாத்தான் சொல்றான். எதிர்ல நான் தப்பா எடுத்துக் கொடுக்கறேன். அதுல அவனுக்கும் தடுமாறுது" என்றேன்.

வளர்ந்த கலைஞன் இளம் இயக்குநர்களுக்கு வசனத்தைச் சுருக்கக் கற்றுக்கொடுப்பது கடமை. அவ்வளவுதான்.

சவரியின் குளோசப் எடுக்கும்போது எதிரே நின்று வசனம் சொன்னேன். கேரவனில் ஏ.சி. அதிகம், கால் மரத்துப்போகிறது. சற்று நிற்பது நல்லது.

பிப்ரவரி 27

இன்று ஒரு காட்சியில் நானும் வசனத்தை மறந்தேன். சவரி தடுமாறி இரண்டு நொடி இருக்கும், அதற்குள் நான் "கட்! சாரி, என் தப்பு" என்று கத்திவிட்டேன். இதுபோல் பல தடவை ஆனது. லைட்மேன்கள் என்னைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டார்கள். வேலை இல்லாதவர்கள்.

மார்ச் 2

ஜீப் காட்சி. பச்சைத் துணி கட்டிய அறையில் ஜீப்பை நிறுத்தியிருந்தார்கள். ஜீப் நிற்கும், சுற்றியுள்ள நகரத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் ஓட்டுவார்களாம். வில்லன் பங்களா வாசலில் நாங்கள் காத்திருப்பதாகக் காட்சி. "வயசு வெறும் நம்பர், நாங்க நம்பர் ஒன்" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் பஞ்ச் வசனம். தாள்களை வாங்கி மடித்து ஜீப் சீட்டுக்கு அடியில் வைத்தேன். "கேமராவ ஓட விடுங்க, நாங்களே ஏதாவது பேசறோம்" என்றேன். ரிஷ்வந்த் மறுக்கவில்லை. என்மேல் பரிதாபம் வந்துவிட்டது போலிருக்கிறது.

கேமரா ஓடியது. சவரி கொஞ்ச நேரம் வெளியே பார்த்தான். வெளியே பச்சைத் துணி.

"சார், நாம எதுக்கு இங்க காத்துக் கெடக்கோம்?"

"ஒருத்தன் வருவான் ஏட்டு."

"யாரு?"

"நாம பிடிக்க வேண்டியவன்."

"வந்தா அடையாளம் எப்டித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அப்பச் சரி. ஒமக்குத் தெரிஞ்சா எனக்குத் தெரிஞ்சாப்லதான்."

அவன் என் சட்டைப் பித்தானில் இருந்த நூலைப் பிய்த்து எறிந்தான். பிறகு, "ஏல வேந்தா, நமக்குள்ள என்னமோ சண்ட இருந்துச்சுல்லா?" என்றான்.

"இருந்துச்சு."

"எதுக்கு?"

"எனக்கும் மறந்துபோச்சு."

"மறந்துட்டியா?" என்று சிரித்தான். "ஒனக்கும் மறக்க ஆரம்பிச்சிட்டா? பயப்படாத. மொதல்ல கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும்."

ரிஷ்வந்த் கட் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் ஓடியதோ. லைட் அருகே நின்றவர் மூக்கைச் சிந்தினார். அந்த ஸ்டுடியோவில் தூசி அதிகம்.

மறந்துபோச்சு என்று நான் சொன்னது வசனம். காட்சிக்காகச் சொன்னது.

மார்ச் 11

ஒரு இணையதளத்தில் செய்தி: "ஞாபக மறதியால் அவதிப்படுகிறாரா அதிரடி நாயகன்? படக்குழு திணறல்!" பக்கத்தில் நான் கண்ணை மூடித் தும்முகிற புகைப்படம். படத்தின் பி.ஆர்.ஓ. பத்திரிகைகளுக்கு மறுப்பு அறிக்கை எழுதிக்கொண்டு ஓடிவந்தார். வேண்டாம் என்றேன். மறுத்தால் செய்தி பெரிதாகும்.

பூங்கோதை அந்தச் செய்தியைப் படித்துவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, நான் கேட்காமலே முழங்காலுக்குத் தைலம் கொண்டுவந்தாள். இன்று முழங்கால் வலிக்கவில்லை என்று சொன்னேன். பரவாயில்லை, நீட்டுங்கள் என்றாள்.

அதற்குள் இன்னொரு படத்துக்குப் பேசியவர்கள் "தேதி பார்த்துச் சொல்கிறோம்" என்று போனை வைத்துவிட்டார்கள். அது சுமாரான கதைதான்.

ஏப்ரல் 22

டப்பிங். சவரியால் திரையில் வாய் அசைவதற்குச் சரியாகப் பேச முடியவில்லை. திரையில் இருப்பவனைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறான். வேறு யாரையாவது வைத்துக் குரல் கொடுத்துவிடலாம் என்றார் சவுண்ட் இன்ஜினியர். அந்தக் குரலுக்கு மாற்று ஏது?

நான் அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வசனத்தையும் காதில் சொல்லி, ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் அவன் தொடையில் ஒரு தட்டு தட்டினேன். தட்டினால் பேசினான். இப்படியே நாலு நாள். ஜீப் காட்சிக்கு மட்டும் டப்பிங் தேவைப்படவில்லை; அன்று பதிவான குரலையே வைத்துக்கொண்டார்கள்.

என் குளோசப்புகளில் முகத்தை இளமையாக்கியிருக்கிறார்கள். அவித்த முட்டைக்கு மீசை வைத்ததுபோல் இருக்கிறது. ரிஷ்வந்த் எப்படி என்று கேட்டார். பளபளப்பு என்றேன்.

ஆகஸ்ட் 14

படம் வெளியானது. காலைக் காட்சி முடிவதற்குள் விமர்சனங்கள் வந்துவிட்டன. சிலர் படம் முடியும்வரை காத்திருக்கவில்லை.

எல்லாரும் ஏறக்குறைய ஒன்றைத்தான் சொல்கிறார்கள். கதை இல்லை. இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தைய வசனங்களை வைத்தே கைதட்டல் வாங்கப் பார்க்கிறார்கள். சண்டைக் காட்சிகளில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. (எனக்கும் தெரியவில்லை, நான் அங்கு இல்லை.) கமிஷனர்தான் போலீசுக்குள்ளேயே இருக்கும் துரோகி என்பது அவர் முதல் காட்சியில் திரும்பிப் பார்க்கும்போதே குழந்தைக்கும் தெரிந்துவிடுகிறது, அதை மறைக்க இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். வில்லனின் உதட்டசைவு எண் எண்ணுவதுபோல் இருக்கிறது.

பிளஸ்: சவரிமுத்து. "அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அவருக்கே தெரியாததுபோல் அவ்வளவு இயல்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஜீப் காட்சிக்காக மட்டும் இரண்டு முறை பார்க்கலாம் என்கிறார். அந்தக் காட்சியில் ஏட்டு இன்ஸ்பெக்டரை "வேந்தா" என்று கூப்பிடுவது கவனக்குறைவு என்றும் குறிப்பிட்டிருக்கிறார்.

மைனஸ்: அருள்வேந்தன். தடுமாற்றம், களைப்பு, வசனத்தில் நம்பிக்கையின்மை. "மரியாதையாக ஓய்வு பெறலாம்."

பூங்கோதை அதைப் படித்துவிட்டு, "நான் இவனுக்கு எழுதட்டுமா?" என்று கேட்டாள். எதற்கு என்றேன். ஒரு கலைஞன் விமர்சனத்தை ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும். நான் அந்தத் தளத்தைக் கண்ட கண்ட பெயர்களில் திட்டியதை அவள் கேட்கவில்லை. குளியலறைக் குழாய் திறந்திருந்தது.

ஆகஸ்ட் 19

சவரியை மதியக் காட்சிக்கு அழைத்துப்போனேன். ஜெனியும் வந்தாள். இப்போதெல்லாம் அவனுக்கு என் பெயர் வருவதில்லை. ஆனால் கையைப் பிடித்தால் கூட வருகிறான். தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு போனோம். தேவையிருக்கவில்லை. அரங்கில் எங்களையும் சேர்த்து ஒரு வேனுக்குரிய கூட்டம்தான்.

திரையில் அவன் முகம் வந்தபோது அடையாளம் கண்டுகொள்வான் என்று பார்த்தேன். "இந்த ஏட்டு சிரிக்க வைக்கானே!" என்று சொல்லிக் கைதட்டினான். ஒவ்வொரு பழைய வசனத்துக்கும் புதிதாகச் சிரித்தான். ஹெலிகாப்டரிலிருந்து நான் குதித்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு, "விழுந்துருவாரு, விழுந்துருவாரு" என்றான். நான் தூசி தட்டியபிறகுதான் மூச்சு விட்டான்.

கடைசியில் கமிஷனர் துப்பாக்கியை எங்கள் பக்கம் திருப்பினார். அரங்கில் யாரோ கொட்டாவி விட்டார்கள். சவரி எழுந்தே நின்றுவிட்டான்.

"அடப்பாவி! இவந்தானாடே!"

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தமிழ்நாட்டில் அந்தத் திருப்பத்தில் திடுக்கிட்ட ஒரே மனிதன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ரிஷ்வந்த் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஜீப் காட்சியில் மட்டும் அவன் சிரிக்கவில்லை. என் பக்கம் சாய்ந்து, "இந்த ரெண்டு பேரும் ரொம்ப நாள் சிநேகிதம் போல" என்றான்.

"ஆமா" என்றேன்.

வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றபோது, படம் எப்படி என்று கேட்டேன்.

"தங்கமான படம். அந்த இன்ஸ்பெக்டர்தான் கொஞ்சம் ஓவராப் பண்ணுதாரு" என்றான். பிறகு யோசித்து, "ஆனா ஏட்ட விட்டுக்கொடுக்கல, பாத்தீரா?" என்றான்.

இத்தனை வருடத்தில் என் நடிப்பைப் பற்றி வந்த எத்தனையோ விமர்சனங்களை ஒட்டி வைத்திருக்கிறேன். இதையும் குறித்துக்கொள்கிறேன்.

ஜெனி அவனை ஆட்டோவில் உட்கார வைத்துவிட்டுத் தணிந்த குரலில், "அங்கிள், வீட்டுக்குப் போறதுக்குள்ள படம் பாத்ததே மறந்துரும். நாளைக்குக் கேட்டா எந்தப் படம்பாங்க" என்றாள்.

வியாழக்கிழமையோடு தியேட்டரிலிருந்து படத்தை எடுத்துவிடுவார்களாம். நாளை மதியக் காட்சிக்கும் மூன்று டிக்கெட் வாங்கிவிட்டேன். வசூல் முக்கியம்.

ஆட்டோ கிளம்பும்போது ஜெனியிடம் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினேன்: கமிஷனர் விஷயத்தை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடாதே.